அடக்கிவைத்த குரல்: பால் ஸ்கோஃபீல்ட்

நமது சினிமா விமர்சனத்தில் ‘நாடகத்தனம்’ என்பது ஒரு வசைச்சொல். ஒரு நடிகரைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கச் சோம்பலாக இருக்கும்போது இதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். இதற்குப் பின்னால் பரிசீலிக்கப்படாத ஒரு கோட்பாடு இருக்கிறது: மேடை உரக்கப் பேசும் இடம், காமிரா மௌனத்தின் இடம், ஆகவே மேடையில் பயின்றவன் காமிராவுக்கு முன் வரும்போது கற்றதையெல்லாம் மறந்துவிட வேண்டும். வெகுஜனப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. தீவிர இலக்கியம் பேசும் நம்மிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். பால் ஸ்கோஃபீல்ட் (1922–2008) என்ற ஆங்கில நடிகரின் ஐம்பது ஆண்டுத் தொழிலைப் பின்தொடர்ந்து பார்க்கும்போது இந்தக் கோட்பாடு நிற்காது என்று எனக்குப் படுகிறது. அவர் எதையும் மறக்கவில்லை. அடக்கத்தை அவர் கற்றதே மேடையில்தான்.

அவரை நான் மேடையில் பார்த்ததில்லை. அவர் கடைசியாக மேடையேறியது 1996ல். அப்போது நான் ஆரம்பப் பள்ளி மாணவன். எனக்குக் கிடைத்தவை சுமார் இருபது திரைப்படங்கள், சில ஒலிப்பதிவுகள், நேரில் பார்த்தவர்கள் எழுதிவைத்தவை. ஒரு நடிகரின் சரித்திரத்தை எழுத இவை போதா. ஆனால் எந்த மேடை நடிகரின் சரித்திரமும் இப்படிப்பட்ட மிச்சங்களிலிருந்துதான் எழுதப்பட்டு வந்திருக்கிறது.

1

ஸ்கோஃபீல்ட் சஸெக்ஸ் பகுதியில் ஒரு கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா அங்கே பள்ளித் தலைமையாசிரியர். படிப்பில் நாட்டமில்லாத பையன் பள்ளி நாடகத்தில் ஜூலியட் வேஷம் போட்டான். 1939ல் கிராய்டன் நாடகப் பள்ளி, அடுத்த வருஷம் லண்டன் மாஸ்க் தியேட்டர் பள்ளி. யுத்த காலம். கால்விரல் கோளாறு காரணமாக ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு பர்மிங்ஹாம் ரெப்பர்ட்டரி தியேட்டர். 1913ல் பாரி ஜாக்ஸன் சொந்தப் பணத்தில் கட்டிய அரங்கு அது. ரெப்பர்ட்டரி என்பது ஒரே குழு, மாறிக்கொண்டே இருக்கும் நாடகங்கள். இந்த மாதம் ராஜா, அடுத்த மாதம் கதவு திறந்துவிடும் வேலைக்காரன். 1945ல் இருபது வயதுப் பையன் ஒருவன் அங்கே நாடகம் இயக்க வந்தான். அவன் பெயர் பீட்டர் புரூக். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985ல், மகாபாரதத்தை மேடையேற்றிய அதே புரூக். ஷேக்ஸ்பியர், ஷா, இப்ஸன் என்று மூன்று நாடகங்கள் அந்த ஒரு வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்தார்கள். 1946ல் ஜாக்ஸன் ஸ்ட்ராட்ஃபோர்டின் பொறுப்பை ஏற்றபோது இருவரையும் தன்னோடு அழைத்துப் போனார்.

‘செவ்வியல் பயிற்சி’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுவது நடைமுறையில் என்ன? ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியில் ஐந்து அழுத்தங்கள். வரி ஒரு இடத்தில் முடிகிறது, வாக்கியம் வேறொரு இடத்தில் முடிகிறது. கருத்து நாலைந்து வரிகள் தள்ளிப்போய்த்தான் பூர்த்தியாகிறது. நடிகன் முதல் வரியிலேயே உணர்ச்சியைச் செலவழித்துவிட்டால் ஐந்தாவது வரிக்கு மூச்சும் மிஞ்சாது, அர்த்தமும் மிஞ்சாது. ஆகவே அவன் ஒத்திப்போடக் கற்றுக்கொள்கிறான். எங்கே குரலைக் கொடுக்காமல் இருப்பது என்பதைக் கற்றுக்கொள்கிறான். சங்கீதத்தில் ராகத்தின் உச்ச ஸ்தாயியை எடுத்த எடுப்பில் தொட்டுவிடாத வித்வானின் நிதானம் இது. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவது இந்தப் பயிற்சியின் ஆரம்பப் பாடம் மட்டுமே.

அவருக்கு முந்திய தலைமுறையில் இரண்டு பெரும் உருவங்கள். ஜான் கீல்குட் குரலின் இசை. லாரன்ஸ் ஆலிவியர் உடலின் வேகம். 1952ல் கீல்குட்டே இயக்க, அவருக்குப் புகழ் தந்த இரண்டாம் ரிச்சர்ட் வேஷத்தில் ஸ்கோஃபீல்ட் நடித்தார். 1955ல் புரூக் இயக்கிய ஹாம்லெட்டோடு மாஸ்கோவுக்குப் போனார். ஆனால் கீல்குட்டின் இனிமை அவரிடம் கிடையாது. ஒரு வாக்கியத்தின் நடுவில் கீழிறங்கி, பிளந்து, மறுபடி ஒன்றுசேரும் குரல் அது. அழகான குரல் என்று சொல்ல வாய் வராது. கேட்டவர்கள் அதை மறப்பதும் இல்லை.

2

1962 நவம்பரில் ஸ்ட்ராட்ஃபோர்டில் புரூக்கின் ‘கிங் லியர்’. ஸ்கோஃபீல்டுக்கு நாற்பது வயது. நாடகம் லியருக்குக் கொடுக்கும் வயது எண்பதுக்கு மேல்.

மேடை மரபில் லியர் வெண்தாடிக் கிழவர். முதல் காட்சியிலிருந்தே அவர்மீது நாம் இரக்கப்பட்டாக வேண்டும்; மகள்கள் அரக்கிகள். புரூக் இதைக் கலைத்தார். போலந்து விமர்சகர் யான் காட் ‘லிய’ரை பெக்கெட்டின் ‘எண்ட்கே’மோடு வைத்து வாசித்த கட்டுரை அவர் முன்னால் இருந்தது. ஸ்கோஃபீல்டின் லியர் ஒட்ட வெட்டிய நரைமுடிக்காரர். கீழ்ப்படிதலைத் தவிர வேறெதையும் காணாதவர் என்பதால் கத்த வேண்டிய அவசியமும் இல்லாதவர். அவருடைய பரிவாரம் மகள் வீட்டில் மேஜைகளைக் கவிழ்த்து அட்டகாசம் செய்வதை மேடையிலேயே காட்டினார்கள். அதைப் பார்த்தபின், ஐரீன் வொர்த் நடித்த கானரில் தரப்பிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. யாரை வெறுப்பது என்று இயக்குநர் சொல்லித்தர மறுப்பதை கென்னத் டைனன் உடனே கண்டு எழுதினார். குருடாக்கப்பட்ட கிளாஸ்டருக்கு வேலைக்காரர்கள் மருந்து போடும் சிறு பகுதியைப் புரூக் வெட்டிவிட்டார். கிழவர் தடவித் தடவி வெளியேறும்போதே அரங்கத்தின் விளக்குகள் எரியத் தொடங்கின.

இப்படிப்பட்ட தயாரிப்பில் நடிகன் செய்ய வேண்டிய முதல் தியாகம் பார்வையாளரின் அனுதாபம். நாடகத்தின் முற்பாதி முழுவதும் அதைக் கேட்காமல் இருக்க வேண்டும். கேட்டால் வந்துவிடும், பிற்பாதிக்கு ஒன்றும் மிஞ்சாது. செய்யுள் வரியில் மூச்சை ஒத்திப்போடுகிற அதே காரியத்தை இங்கே மூன்று மணிநேர அளவில் செய்தாக வேண்டும்.

1964ல் இந்த நாடகம் கிழக்கு ஐரோப்பாவுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போனது. அந்தப் பயணத்தைப் பற்றிப் புரூக் ‘தி எம்ப்டி ஸ்பேஸ்’ (1968) நூலில் எழுதியிருப்பது நமக்கு முக்கியம். புடாபெஸ்டுக்கும் மாஸ்கோவுக்கும் இடையில்தான் நாடகம் உச்சத்தைத் தொட்டது என்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. அவர்களிடம் இருந்தது கவனம். பிலடெல்ஃபியாவில் ஆங்கிலம் தெரிந்த கூட்டம். கவனம் வேறு ரகம். அதே நடிகர்களின் அதே நாடகம் தளர்ந்துபோனது. நடிகன் பாதியைத்தான் கொண்டுவருகிறான், மீதி எதிரே உட்கார்ந்திருக்கிறது. பி.ஏ. வகுப்பில் லியரை அருஞ்சொற்பொருள், குணச்சித்திரக் குறிப்பு, பத்து மதிப்பெண் கேள்வி என்று படித்து வந்த என் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் நேரம் யோசித்துப் பார்க்கலாம். பாஷை தெரிவதும் கேட்பதும் ஒன்றே என்று நினைத்துத்தான் நமது ஆங்கில இலக்கிய வகுப்பறைகள் நடக்கின்றன.

3

லியருக்கு முன்பே, 1960ல், ராபர்ட் போல்ட் எழுதிய ‘எ மேன் ஃபார் ஆல் சீஸன்ஸ்’ நாடகத்தில் ஸ்கோஃபீல்ட் தாமஸ் மோர் வேஷம் ஏற்றிருந்தார். லண்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் நீண்ட காலம் நடந்தது. 1962ல் டோனி விருது. படமாக்கும்போது தயாரிப்பாளர்களுக்குச் சந்தை மதிப்புள்ள ஒரு பெயர் தேவைப்பட்டது. இயக்குநர் ஃப்ரெட் ஸின்னமான் ஸ்கோஃபீல்டிடம் பிடிவாதமாக நின்றார். 1966ல் படம் வந்தது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் உட்பட ஆறு ஆஸ்கர் விருதுகள். வாங்கிக்கொள்ள அவர் போகவில்லை. உடன் நடித்த வெண்டி ஹில்லர் அவர் சார்பில் பெற்றுக்கொண்டார்.

இந்தக் கதையின் முடிச்சே மௌனம்தான். எட்டாம் ஹென்றியின் மறுமணத்தையும் திருச்சபைத் தலைமையையும் ஏற்கச் சொல்லிச் சத்தியப் பிரமாணம் கேட்கிறார்கள். மோர் மறுக்கிறார், மறுப்பதற்கான காரணத்தைச் சொல்லவும் மறுக்கிறார். அவர் வக்கீல். ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று நம்மிடம் புழங்கும் வழக்குக்கு நேரான ஒரு சூத்திரம் ஐரோப்பியச் சட்ட மரபிலும் உண்டு. நான் பேசாமலிருப்பதைச் சம்மதம் என்றுதான் சட்டம் கொள்ள முடியும் என்பது அவருடைய பாதுகாப்பு. பொய்ச்சாட்சியால் தீர்ப்பு உறுதியான பிறகே வாயைத் திறக்கிறார். அந்த நிமிஷத்தில் ஸ்கோஃபீல்ட் குரலை உயர்த்துவது மிகச் சொற்பம். ஆனால் இரண்டு மணிநேரமாக அடைத்து வைத்திருந்த மதகைத் திறந்தது போல் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் மேடைக்கும் காமிராவுக்குமாகச் சுமந்த வேஷம் இது. மேடையில் எந்த இடத்தில் அடக்கினாரோ அதே இடத்தில்தான் காமிரா முன்னும் அடக்கியிருக்கிறார் என்று படத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

இங்கே ‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றக் காட்சி நமக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. அதிலும் கூண்டில் நிற்பவர் மேடையில் பயின்ற நடிகர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர். அங்கே பேச்சே பாதுகாப்பு. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சுக்கும் கேட்டாக வேண்டிய குரல், பேச்சையே ஆயுதமாக நம்பிய ஒரு அரசியல் காலகட்டத்தைச் சந்தித்த இடம் அது. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றுக்கு மார்க் போடுவது என் நோக்கமில்லை. நாம் ‘நாடகத்தனம்’ என்று சொல்வது மேடையின் பொதுக் குணமாக இருக்க முடியாது என்பதையே சொல்ல வருகிறேன். ஒரு குறிப்பிட்ட மேடை, ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட தேவைக்காக உருவாக்கிக்கொண்ட பேச்சு முறை அது. அதன் சரித்திரத்தை எழுதலாம். வசைச்சொல்லாக்கிக்கொண்டதால் அதையும் எழுதாமல் விட்டோம்.

இதற்கு முன் 1964ல் ஜான் ஃப்ராங்கன்ஹைமரின் ‘தி ட்ரெய்ன்’ படத்தில், பிரெஞ்சு ஓவியங்களை ஜெர்மனிக்குக் கடத்த முயலும் நாஜிக் கர்னலாக வந்தார். எதிரே பர்ட் லங்காஸ்டர், சர்க்கஸில் வித்தை காட்டிய பழைய கழைக்கூத்தாடி. லங்காஸ்டர் ஓடுகிறார், குதிக்கிறார், உருண்டு எழுகிறார், பேசுவது குறைவு. கடைசியில் ஸ்கோஃபீல்ட் கலையின் அழகு என் போன்றவர்களுக்கே சொந்தம் என்று நிதானமாக, அழகாகப் பேசுகிறார். பதில் துப்பாக்கியிலிருந்து வருகிறது. பயிற்சி பெற்ற குரலின் கம்பீரம் எவ்வளவு சுலபமாக அநியாயத்துக்கும் பொருந்திப் போகும் என்பதை அந்தக் காட்சியில் அவரே காட்டிவிடுகிறார்.

4

‘லிய’ரும் படமானது. டென்மார்க்கின் வடக்கில், பனிவெளியில், கறுப்பு வெள்ளையில் எடுத்து 1971ல் வெளிவந்தது. பெக்கெட் நாடகங்களில் பேர்பெற்ற ஜாக் மக்கௌரனும் பாட்ரிக் மகீயும் நடித்தார்கள். படத்தின் முதல் நிமிஷங்களில் சத்தமே இல்லை; வரிசையாக முகங்கள். பிறகு ஸ்கோஃபீல்டின் அசையாத முகம், ஒரு சொல். ‘அறிந்துகொள்’ என்று அர்த்தம். ஆங்கிலத்தில் காதுக்கு ‘இல்லை’ என்றும் கேட்கும். அந்தச் சிலேடையை அவர் சுட்டிக்காட்டுவதில்லை, வெறுமனே விழவிடுகிறார். கடைசியில் இறந்த தலை மெல்லப் பின்னால் சாய்ந்து சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. மிஞ்சுவது வெளிறிய வானம். பலருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. வறட்சி அதிகம் என்ற குறையில் உண்மை உண்டு. இதே ஆண்டுகளில் கோஸின்ட்ஸெவ் ரஷ்ய மொழியில் எடுத்த லியரில் ஜனங்கள் இருக்கிறார்கள், ஒரு தேசம் இருக்கிறது, ஷாஸ்டகோவிச்சின் சங்கீதம் இருக்கிறது. புரூக்கின் படத்தில் முகங்களும் குளிரும் மட்டும். அனுதாபத்தை ஒத்திப்போடுவது, எதிரே மூச்சுவிடும் கூட்டம் இல்லாத இடத்தில், அனுதாபத்தை மறுப்பதாகவே ஆகிவிடும் அபாயம் உண்டு. படத்தின் சில பகுதிகளில் அப்படி ஆகியிருக்கிறது.

மேடையோடு போனவை இன்னும் அதிகம். 1979ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் பீட்டர் ஷாஃபரின் ‘அமேடியஸ்’. பயிற்சி எல்லாம் இருந்தும் மேதைமை வாய்க்காத சாலியேரியை முதலில் உருவாக்கியவர் ஸ்கோஃபீல்ட். மொஸார்ட்டின் மனைவியாக நடித்தவர் ஃபெலிசிடி கெண்டல். தந்தையின் ‘ஷேக்ஸ்பியரானா’ குழுவோடு இந்திய ஊர்களில் வளர்ந்தவர். ‘ஷேக்ஸ்பியர் வாலா’ (1965) படத்தின் நாயகி. அந்தப் படமே மேடை சினிமாவிடம் தோற்பதைப் பற்றியது. ‘அமேடிய’ஸுக்கும் அதுதான் நேர்ந்தது. 1984ல் மிலோஷ் ஃபோர்மன் படமாக்கியபோது சாலியேரி முர்ரே ஆபிரகாம் ஆனார், ஆஸ்கரும் வாங்கினார். சாலியேரி என்றதும் இன்று நம் மனதில் எழுவது அந்த முகம்தான்.

ஸ்கோஃபீல்ட் இதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஸர் பட்டத்தை மறுத்துவிட்டார். பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ இருப்பதில் என்ன குறை என்பது அவருடைய எண்ணம். ஆலிவியர் தன் ஷேக்ஸ்பியரைத் தானே இயக்கிப் படமாக்கி வைத்தார், நேஷனல் தியேட்டரின் முதல் இயக்குநராகி ஒரு ஸ்தாபனத்தையே கட்டினார். ஸ்கோஃபீல்ட் எதையும் கட்டவில்லை. நாடகம் முடிந்ததும் ரயிலேறி சஸெக்ஸுக்குத் திரும்பினார். இதை நாம் துறவு என்று கொண்டாடிவிடக் கூடாது. 2004ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நடிகர்களிடம் கருத்துக் கேட்டபோது, ஷேக்ஸ்பியர் நடிப்புகளில் ஆகச் சிறந்ததாக அவருடைய லியரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 1962 இரவுகளை நாம் இனி ஒருபோதும் பார்க்க முடியாது. அவருடைய அடக்கத்துக்கு நாம் கொடுத்த விலை இது.

5

எழுபது வயதைத் தாண்டிய பின் அவர் செய்த படங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ‘க்விஸ் ஷோ’வில் (1994) கவிஞரும் பேராசிரியருமான மார்க் வான் டோரன். தொலைக்காட்சிப் புதிர்ப் போட்டியில் விடைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஜெயித்ததை மகன் அவரிடம் ஒப்புக்கொள்கிறான். அவர் முதலில் புரிந்துகொள்ள மறுக்கிறார். பிறகு குடும்பப் பெயரைப் பற்றிய பேச்சு வரும்போது ஒரே ஒரு முறை குரல் உயர்கிறது. படம் முழுக்க அந்தக் குரலிலிருந்து நாம் கேட்டிருந்தது மென்மையும் கிண்டலுமே. ஆகவே அந்த ஒரு முறை போதுமானதாக இருக்கிறது.

‘தி க்ரூசிப்’ளில் (1996), ஆர்தர் மில்லர் தன் நாடகத்துக்குத் தானே எழுதிய திரைக்கதையில், நீதிபதி டான்ஃபோர்த். சூனியக்காரிகளைத் தேடி ஒரு ஊரையே தூக்குமேடைக்கு அனுப்புகிறவர். ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடு, உயிர் பிழைக்கலாம் என்கிறார்; ஜான் ப்ராக்டர் போட்ட கையெழுத்தைக் கிழித்துவிட்டுச் சாகப் போகிறான். முப்பது வருஷத்துக்கு முன் பிரமாணம் செய்ய மறுத்துக் கூண்டில் நின்ற அதே குரல் இப்போது உயரத்தில் உட்கார்ந்து கையெழுத்துக் கேட்கிறது. அதே நிதானம், அதே தர்க்கம், சட்டத்தின் மேல் அதே விசுவாசம். கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் தினசரிப் பிழைப்பு. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனின் குரலில் கோபம் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஸ்கோஃபீல்டின் டான்ஃபோர்த் கோபப்படாததால்தான் பயமாக இருக்கிறது. மோரையும் டான்ஃபோர்த்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று விளங்கும். செவ்வியல் பயிற்சி நடிகனுக்குக் கொடுப்பது உன்னதத்தை என்ற எண்ணம் தவறு. அது ஒரு கருவியைக் கொடுக்கிறது. அதைத் தியாகிக்கும் கொடுக்கலாம், தியாகிகளைக் கொல்கிறவனுக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது அது யாருக்கு என்பதை அறிந்திருப்பதுதான் கலைஞனின் பிரக்ஞை.

இதே காலத்தில் பாட்ரிக் கெய்லரின் ‘லண்டன்’ (1994) படத்தில் அவர் முகமே இல்லை. அசையாத காமிரா நகரத்தின் தெருக்களையும் ஆற்றையும் காட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதைசொல்லியாக அவர் பேசிக்கொண்டு போகிறார். கடைசி மேடை வேஷம் 1996ல், நேஷனல் தியேட்டரில், இப்ஸனின் ஜான் கேப்ரியல் போர்க்மன். மோசடிக்காகச் சிறை சென்று திரும்பிய ஒரு வங்கி அதிபர், எட்டு வருஷமாக மாடியறையில் தனியே உலாவிக்கொண்டிருப்பவர். முதல் அங்கம் முழுவதும் அவர் மேடைக்கு வருவதில்லை. மேலே நடக்கும் காலடிச் சத்தம் மட்டும் கீழே இருப்பவர்களுக்குக் கேட்கிறது. நல்ல நடிகனுக்கு இதைவிட நல்ல பிரவேசத்தை இப்ஸன் எழுதியிருக்க முடியாது.

2002ல், அவருடைய எண்பதாவது பிறந்தநாளையொட்டி, ‘கிங் லியர்’ முழுவதும் ஒலிநாடகமாக வெளிவந்தது. இப்போது அவருக்கு லியரின் வயது. 1962ல் கோமாளியாக நடித்த அலெக் மக்கோவன் இதில் கிழ கிளாஸ்டர். நாற்பதில் முதுமையைத் தேடிப்போன குரல் எண்பதில் அதை வந்து அடைந்திருக்கிறது. அந்த முதுமையை அவர் நமக்கு எடுத்துக்காட்ட முயல்வதில்லை. புயல் காட்சியில்கூட எதையோ மிச்சம் வைக்கிறார். கார்டிலியாவைச் சுமந்து வரும் இடத்துக்காக என்று பிறகுதான் நமக்குத் தெரிகிறது. அந்தப் பதிவில் மேடையும் இல்லை, காமிராவும் இல்லை. ஐம்பது வருஷமாக இரண்டுக்கும் பொதுவாக அவர் வைத்திருந்தது எதுவோ அது மட்டும் இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் ‘நாடகத்தனம்’ என்ற சொல்லை அடுத்த முறை எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்குவார்கள் என்று நம்புகிறேன்.